மூன்று மீட்டர் ஒயரும் ஒரு பழைய கடல் தந்தியும்

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பேரன் மாடியறையில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். நான் கீழே திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். சத்தம் விட்டுவிட்டு வந்தது. பிறகு நின்றே போனது. அவன் பட்டனைத் திருகித் திருகிப் பார்ப்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகுவது போல ஒரு வாடை படியிறங்கி வந்தது.

ஓடிப் போய் மெயினை அணைத்தேன். பையன் முகம் வெளுத்து நின்றான். "சத்தம் வரலன்னு வால்யூமைக் கூட்டினேன் தாத்தா. நான்தான் கெடுத்துட்டேன்" என்றான்.

அந்த ஆம்ப்ளிஃபயர் அவன் இரண்டு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. பழசு, 15 வாட், வால்வு போட்டது. ஸ்பீக்கர் தனிப் பெட்டியில் இருக்கும். இரண்டையும் ஓர் ஒயர் இணைக்கும். அந்த ஒயரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒயரில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நானும் அப்படி நினைத்தவன்தான்.

மறுநாள் பெட்டியை எங்கள் ஊர் மைக் செட் பெரியவரிடம் கொண்டு போனோம். திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஐம்பது வருஷமாக ஒயர் இழுத்தவர். இப்போது தொழில் மகன் கையில். பெரியவர் ரிப்பேர் மட்டும் பார்க்கிறார். பெட்டியைத் திறக்கும் முன்பே ஒயரைக் கையில் எடுத்தார். பின் பக்கத்தில் வளைத்துப் பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார், சிரித்தார்.

"உள்கம்பி அறுந்துபோச்சு சார். அறுந்தது போவட்டும். இது கிதார் ஒயரு. ஸ்பீக்கருக்கு இதப் போடலாமா? யாரு வாங்கினது?"

நான் வாங்கியது. பழைய ஒயர் வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது என்று பேரன் சொன்னதும், நகரத்துக்குப் போன இடத்தில் ஒரு கடையில் பின்னைக் காட்டி, அதே மாதிரி இரண்டு பக்கமும் பின் உள்ள ஒயரை நான்தான் வாங்கி வந்தேன். பெரியவர் கேட்டபோது, "கடையில குடுத்ததுங்க அண்ணே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டேன். பேரன் பக்கத்தில்தான் நின்றான். ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதன் பிறகு சில வாரங்கள் படித்தும் பெரியவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பின். கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள இந்தப் பின் இசைக்காகப் பிறந்ததே அல்ல. 1870களின் கடைசியில் அமெரிக்காவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் வந்தபோது, ஒரு சந்தாதாரரின் இணைப்பை இன்னொருவரோடு கையால் செருகிச் சேர்ப்பதற்காகச் செய்யப்பட்டது. பழைய படங்களில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பலகையில் ஒயரைச் செருகி எடுப்பார்களே, அந்தப் பின்தான். கையாள எளிது, உறுதியானது, மலிவாகவும் கிடைத்தது. பின்னால் மின் கிதார் செய்தவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். கிதாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஒயருக்கும் அதே பின், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயருக்கும் அதே பின் என்று ஆயிற்று.

செருகினால் செருகிக்கொள்ளும். ஆனால் வேலை வேறு. கிதாரிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் சிறு பகுதி. மின்னோட்டமோ இருக்கிறதா இல்லையா என்னும் அளவு. அக்கம்பக்கத்து டியூப் லைட், மின்விசிறியின் இரைச்சல் அதில் கலந்துவிடாமல் இருக்க, மெல்லிய உள்கம்பி ஒன்றைச் சுற்றி வலை போல இன்னொரு கம்பியைப் பின்னி மூடியிருப்பார்கள். ஸ்பீக்கருக்குப் போவதோ உழைக்கிற மின்சாரம். 15 வாட் ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் ஸ்பீக்கரை முழு வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய 1.4 ஆம்பியர் ஓடும். அதற்கு மூடாக்கு வேண்டாம். ஒரே தடிமனில் இரண்டு கம்பிகள் வேண்டும். எங்கள் அலுவலகப் பாஷையில் சொன்னால், முன்னது ரகசியக் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர்; பின்னது மூட்டை தூக்குபவர். இரண்டு பேருக்கும் ஒரே சீருடை. நான் சீருடையைப் பார்த்து ஆளை அனுப்பிவிட்டேன்.

மெல்லிய உள்கம்பி மாடிப்படியிலும் கதவிடுக்கிலும் மிதிபட்டு, பின்னுக்குப் பக்கத்தில் இற்று, கடைசியில் அறுந்தது. இங்கேதான் வால்வு ஆம்ப்ளிஃபயரின் சங்கடம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயராக இருந்தால் ஸ்பீக்கர் கழன்றாலும் பெரும்பாலும் சும்மா இருக்கும். இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று தொட்டால்தான் அதற்கு ஆபத்து. வால்வில் தலைகீழ். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். மறுமுனையில் ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால், போக வழியில்லாத சக்தி அந்த டிரான்ஸ்பார்மரின் சுற்றிலேயே உயர் அழுத்தமாக எழும்பி, கம்பிகளுக்கு இடையிலுள்ள காப்பை எரித்துவிடும். சத்தம் வரவில்லையே என்று வால்யூமைக் கூட்டக் கூட்ட நெருப்புக்கு நெய் ஊற்றிய கதை.

இதைப் பெரியவர் விளக்கியபோது, எப்போதோ படித்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. அளவில்தான் வித்தியாசம், நடந்தது இதேதான்.

1858 ஆகஸ்ட் 5ஆம் தேதி, அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கம்பி இணைக்கப்பட்டது. விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு 98 சொற்களில் வாழ்த்து அனுப்பினார். அது போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஊர்களிலும் கொண்டாட்டம். ஆனால் கம்பியின் உள்ளே இருந்த செம்பு மெல்லியது. ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு எடைதான். காப்பிலும் கோளாறுகள் இருந்தன. சமிக்ஞை மங்கியது.

அந்தக் கம்பெனியின் மின் நிபுணர் ஒயிட்ஹவுஸ் என்பவர். தொழிலால் மருத்துவர். சமிக்ஞை மங்குகிறதா, விசையைக் கூட்டு என்பது அவர் வழி. பெரிய சுருள்களை வைத்து ஏறக்குறைய 2,000 வோல்ட் அழுத்தத்தைக் கம்பியில் செலுத்தினார். ஏற்கெனவே நலிந்திருந்த காப்பு தாங்கவில்லை. சுமார் மூன்று வாரத்தில் கம்பி ஊமையாயிற்று.

அதே கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் முன்பே வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: செம்பைத் தடிமனாக்குங்கள், காப்பையும் தடிமனாக்குங்கள், அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், மெல்லிய சமிக்ஞையையும் உணரும் கருவியை இந்தப் பக்கம் வையுங்கள். அதற்காகச் சின்னக் கண்ணாடித் துண்டு வைத்த ஒரு கருவியையும் செய்தார். இன்னொன்றும் கண்டுபிடித்தார். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த செம்புக் கம்பிகளைச் சோதித்தபோது, பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் மின்சாரம் கடத்துவதில் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தது. செம்பில் கலந்த சிறு அழுக்குகூட அதை மந்தமாக்கிவிடும்.

ஒயிட்ஹவுஸ் வேலையை விட்டு நீக்கப்பட்டார். பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. பிறகு அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு 1861இல் அறிக்கை கொடுத்தபோதுதான், கம்பி செய்யப்பட்ட விதம், சோதிக்காமல் அவசரப்பட்டது, பத்திரப்படுத்தாமல் வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தன. 1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் இழுத்துப்போன கம்பியில் செம்பு கடல் மைலுக்கு 300 பவுண்டு. முன்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அது வேலை செய்தது. அந்தப் பாடத்தைக் கற்ற பிறகே 1870இல் பம்பாய்க்குக் கடல் தந்தி வந்தது. அடுத்து நம் சென்னைக் கரையிலிருந்து பினாங்குக்குக் கம்பி போனது.

ஒயரில் உள்ள குறையை விசையைக் கூட்டித் தீர்க்க முடியாது. கடல் தந்திக்கும் அதுதான், மாடியறை கிதாருக்கும் அதுதான்.

சரி, எந்த ஒயர் வாங்குவது? பெரியவர் ஒரு ரோலை எடுத்துப் போட்டு, "இது இருபத்துமூணு எழுபத்தாறு. இது நாப்பது எழுபத்தாறு. உங்களுக்கு நாப்பது போதும் சார்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஆம்பியரை "ஆம்பேர்" என்றுதான் சொல்வார். ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றும் 1881இல் பாரிஸில் கூடிய மாநாட்டில் உலகத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்டவை என்பதை ஏதோ தன் சொந்த ஊர்ப் பெருமை போலச் சொல்லுவார். கம்பியின் தடிமன் என்றால் எங்களுக்குச் சதுர மில்லிமீட்டர்தான். இந்த எழுபத்தாறு எங்கிருந்து வந்தது?

அது இங்கிலீஷ்காரர்களின் அங்குலம். ஒயருக்குள் மயிரிழை போலப் பல இழைகள் இருக்கும். ஓர் இழையின் விட்டம் 0.0076 அங்குலம். இது 1884இல் பிரிட்டனில் சட்டப்படி வந்த கம்பி அளவு முறையில் 36ஆம் எண், மில்லிமீட்டரில் 0.193. "23/76" என்றால் அப்படிப்பட்ட இழைகள் 23. "40/76" என்றால் 40. கணக்குப் போட்டால் முன்னது ஏறக்குறைய 0.67 சதுர மில்லிமீட்டர், பின்னது 1.17. நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல் வந்துவிட்டது. வீட்டு ஒயரிங்குக்கு "ஒன்றரை ஸ்கொயர் எம்எம்" என்று கேட்கப் பழகிவிட்டோம். ஆனால் மைக் செட் கடையில் விக்டோரியா ராணி காலத்து அங்குலம் இன்னும் பணி ஓய்வு பெறாமல் உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஒயர் நம் ஊர்களுக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் பாடிய காலத்தில் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டியது தொண்டையின் பொறுப்பு. அமெரிக்காவில் ஜென்சன், பிரிட்ஹாம் என்ற இருவர் 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வைத்துக் காட்டினார்கள். காகிதக் கூம்பும் கம்பிச் சுருளும் உள்ள இன்றைய ஸ்பீக்கருக்கு வழிவகுத்தது 1925இல் ரைஸ், கெல்லாக் இருவரும் செய்தது. சென்னையில் 1924இல் வானொலிக் கழகம் தொடங்கி, பணமில்லாமல் 1927இல் நின்றது. அதன் டிரான்ஸ்மிட்டரை வாங்கிக்கொண்ட மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் சொற்பம். அதனால் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை நடந்தது இந்த ஏற்பாடு. நம் ஜனங்களில் பலர் ஸ்பீக்கரை முதலில் கேட்டது வீட்டில் அல்ல, கடற்கரைக் காற்றில்.

பிறகு அரசியல் கூட்டம், டூரிங் டாக்கீஸ், கோயில் திருவிழா என்று குழாய் ஸ்பீக்கர் கிராமம் வரை வந்தது. எங்கள் ஊரில் மலைமேல் வேதகிரீஸ்வரர், அடிவாரத்தில் பக்தவத்சலேஸ்வரர். கிரிவலப் பாதை முழுக்கப் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் ஒயர் எத்தனை நூறு மீட்டர் போக வேண்டும்! இங்கே பெரியவர் கேட்ட கேள்வி என்னை மடக்கியது. "எரநூறு மீட்டர் தள்ளி இருக்கிற குழாய்க்கு இருபத்துமூணு எழுபத்தாறுதான் சார் இழுப்போம். உங்க பேரன் பெட்டிக்கு மூணு மீட்டருக்கு நாப்பது குடுக்கறேன். ஏன் சொல்லுங்க?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 200 மீட்டர் தூரத்துக்குப் போய்வர இரண்டு கம்பி. 23/76இல் அதன் தடை சுமார் 10 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். நேராகக் கொடுத்தால் சக்தியில் பாதிக்குமேல் ஒயரிலேயே தொலைந்துவிடும். அதனால் மைக் செட்காரர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரிலேயே அழுத்தத்தை 100 வோல்ட் லைனாக உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்கிக்கொள்வார்கள். 100 வாட் அனுப்ப 8 ஓமில் மூன்றரை ஆம்பியர் வேண்டும். 100 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் போதும். மின்னோட்டம் குறைந்தால் ஒயரில் வீணாவது அதன் வர்க்கத்தில் குறையும். அந்த 200 மீட்டரில் இப்போது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே போகும். ஒயிட்ஹவுஸ் தப்பாகச் செய்ததை இவர்கள் சரியாகச் செய்கிறார்கள். ஏனென்றால் அந்த அழுத்தத்துக்குத் தாங்கும் காப்போடு, முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்கிறார்கள். சின்ன கிதார் பெட்டியில் இந்த வசதி கிடையாது. அதனால் ஒயரைக் குட்டையாகவும் தடிமனாகவும் வைக்க வேண்டியதுதான். மூன்று மீட்டர் 40/76இல் தடை 0.1 ஓமைவிடக் குறைவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு நூற்றில் ஒரு பங்கு நஷ்டம். காதுக்குத் தெரியாது.

ஆகவே, என்னைப் போலப் பேரனுக்கோ பேத்திக்கோ ஒயர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் கற்றது இவ்வளவுதான்.

கடையில் "ஸ்பீக்கர் ஒயர்" என்று சொல்லிக் கேளுங்கள். பின்னைக் காட்டிக் கேட்காதீர்கள். உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். பின் மூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிப் பாருங்கள்: ஒரே அளவில் இரண்டு கம்பி இருந்தால் ஸ்பீக்கருக்கு, ஒரு கம்பியும் அதைச் சுற்றி வலையும் இருந்தால் கிதாருக்கு. இந்த இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. ஸ்பீக்கர் ஒயரைக் கிதாரில் போட்டால் ஒன்றும் எரியாது, ஆனால் ஓயாமல் இரையும்.

மூன்று நான்கு மீட்டருக்கு 40/76 தாராளம். ஒரு மீட்டர் என்றால் 23/76கூடப் போதும். அதற்குமேல் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் ஒயரில் உங்கள் சின்னப் பெட்டி இன்னும் இனிமையாகப் பாடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தடிமனும் நீளமும் சரியாக இருந்தால் மீதிப் பணம் பின்னின் உறுதிக்கும் உறையின் அழகுக்கும் போகிறது.

ஆனால் மலிவு என்று ஏமாறவும் வேண்டாம். இப்போது அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசிய ஒயர் நிறைய வருகிறது. ஒரு முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அலுமினியத்தின் தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்குமேல். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். பார்வைக்கு ஒரே செம்பு, உள்ளே வேறு என்று தாம்சன் கண்டுபிடித்ததைக் கத்திமுனையில் நாமும் கண்டுபிடிக்கலாம்.

கடைசியாக, வால்வுப் பெட்டியில் ஸ்பீக்கர் ஒயரைச் செருகிய பிறகே சுவிட்ச் போட வேண்டும். வாசிக்கும்போது சத்தம் நின்றால் வால்யூமில் கை வைக்காமல் சுவிட்சை அணைக்க வேண்டும்.

பெரியவர் எரிந்த டிரான்ஸ்பார்மரைச் சென்னையில் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுற்றி வாங்கினார். இருபது நாள் ஆயிற்று. 40/76இல் மூன்று மீட்டர் வெட்டி, இரண்டு முனையிலும் கெட்டிப் பின்னைத் தானே சால்டர் வைத்துக் கொடுத்தார். ஒயருக்கும் பின்னுக்கும் சேர்த்து நான் கொடுத்தது, முன்பு வாங்கிய தப்பான ஒயரின் விலையில் பாதிகூட இல்லை. டிரான்ஸ்பார்மர் செலவைச் சொல்லாமல் விடுகிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சங்கு தீர்த்தக் கரையில் பையனை உட்காரவைத்து, அட்லாண்டிக் கம்பிக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். முடிவில், "அப்போ ஒயிட்ஹவுஸ் மாதிரி நான்தான் வோல்டேஜைக் கூட்டிக் கெடுத்தேன், இல்லையா தாத்தா?" என்றான்.

"இல்லப்பா. விசாரணைக் குழு அறிக்கை வந்தாச்சு. தப்பான ஒயரை வாங்கி வந்தது நான். அன்னிக்குப் பெரியவர் கேட்டப்ப உன் எதிர்ல அதச் சொல்லியிருக்கணும், சொல்லல" என்றேன்.

நாற்பது வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் கோப்பில் யார் தவறு என்று எழுதாமல் "தவறு நேர்ந்துள்ளது" என்றே எழுதிப் பழகியவன் நான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இருபது நாள் பிடித்தது.

அவன் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒயரை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டு, "கனமா இருக்கு தாத்தா" என்றான். அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு தடவையும் விட்டுப்போகவில்லை.